சவரக்கத்திக்கு வைர ஸ்ப்ரே: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சவரக்கத்தியின் விளிம்புக்குக் கடைசி மெருகு கொடுக்கத்தான் வைரத்தூள் கலந்த ஸ்ப்ரே. தினமும் கத்தி தீட்டும் தோல்வாரில் அதை அடித்துவிடாதீர்கள். மற்ற தவறுகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்துவது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் தோலின் நுண்துளைக்குள் இறங்கிய வைரத்தூளை முழுசாக வெளியே எடுக்க முடியாது.

வெறும் தோல் இரும்பைப் பெரிதாகத் தேய்ப்பதில்லை. சவரத்தில் லேசாக மடங்கிய விளிம்பை நேராக்கி, ஒட்டியிருப்பதைத் துடைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் ஐம்பது அறுபது இழுப்பு இழுத்தாலும் கத்திக்குக் கேடில்லை. வைரத்தூள் ஏறிய பரப்போ ஒவ்வொரு இழுப்பிலும் இரும்பைச் சுரண்டும். அதில் தினமும் ஐம்பது இழுப்பு இழுத்தால் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு போகும். கத்தி மழமழவென்று இருக்கும், ஆனால் முடியைப் பிடிக்காது.

சரி, எதில் அடிப்பது? ஃபெல்ட் என்கிற அழுத்திய கம்பளித் துணி, பால்சா என்கிற லேசான மரத்தின் பலகை, மரத்தில் ஒட்டிய ஜீன்ஸ் துணி என்று தனியாக ஒரு பரப்பை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது பால்சாதான். தட்டையாக இருக்கும், அவ்வளவாக அமுங்காது. தொங்கும் வாரில் தொய்வு விழுந்தால் விளிம்பு இன்னும் சீக்கிரம் உருளும்.

அளவு அடுத்த சிக்கல். நிறைய அடித்தால் நிறையக் கூர்மை வரும் என்று கை தானாகவே அழுத்திக்கொண்டே போகும். பரப்பு நனைந்து சொட்டத் தேவையில்லை. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய பனி மாதிரி நான்கைந்து தடவை போதும். அதற்கு முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். தூள் அடியில் தங்கிவிடும், குலுக்காவிட்டால் மேலே நிற்கும் திரவம் மட்டும்தான் வரும். அப்புறம் முழுசாகக் காய விடுங்கள். ஈரத்தோடு இழுத்தால், கார்பன் எஃகுக் கத்தியில் துரு பிடிக்கவும் வழி செய்கிறீர்கள்.

ஸ்ப்ரேயில் உள்ள துகளின் அளவை மைக்ரானில் சொல்வார்கள். 0.5 மைக்ரான் அடித்த பரப்பில் 0.25 மைக்ரானை அடிக்காதீர்கள். பெரிய துகள் போடும் கீறலைச் சின்னத் துகளால் அங்கேயே அழிக்க முடியாது. ஒரு பரப்புக்கு ஒரு அளவுதான். பின்பக்கம் அளவை எழுதி, தனித்தனித் துணியில் சுற்றி வையுங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் கத்தியைத் துடைப்பதும் இதில் சேர்த்தி.

இழுக்கும்போது கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், விளிம்பு பின்னால் வர வேண்டும். முதுகும் விளிம்பும் பரப்பில் படிந்திருக்கட்டும். அழுத்தவே கூடாது, கத்தியின் எடையே போதும். பத்து இழுப்புக்குள் நிறுத்திவிட்டு, கத்தியைத் துடைத்து, வெறும் தோலில் தீட்டி, சவரம் செய்து பாருங்கள். முகம் எரிந்தால் இன்னும் பத்து இழுப்பு போட்டுப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். வைரம் சில கத்திகளுக்கு மிகக் கடுமையான விளிம்பைத் தந்துவிடும்; அவற்றுக்குப் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு என்கிற மெருகுத்தூள் இதமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

விளிம்பில் பல் விழுந்த கத்திக்கும், அடியோடு மழுங்கிய கத்திக்கும் ஸ்ப்ரே உதவாது. அவற்றைச் சாணைக்கல்லுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கல்லில் கூர் சரியாக வந்த கத்திக்கு மட்டும் கடைசி மெருகாக இதை எடுங்கள்.