பூனையோடு அதன் பழந்துணியையும் கேட்டு வாங்குங்கள்

பெங்களூரில் ஏதேனும் ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து வளர்ந்த பூனையைத் தத்தெடுத்தால், அது படுத்திருந்த துணியையும் துவைக்காமல் அப்படியே கேட்டு வாங்கி வாருங்கள். கூடவே, அது மலசலம் கழிக்கப் பயன்படுத்திய மணலில் ஒரு கைப்பிடி.

பூனை ஓர் இடத்தைக் கண்ணைவிட மோப்பத்தால்தான் பழகிக்கொள்கிறது. கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையைத் துணியில் ஏற்றி வைத்திருக்கும். அல்சூரின் ஒண்டுக் குடித்தனமோ ஒயிட்ஃபீல்டின் அடுக்ககமோ, முதல் சில நாட்கள் ஒரே அறையில் விட்டு, அந்தத் துணியை ஓர் அட்டைப்பெட்டிக்குள் விரியுங்கள். பழைய மணலைப் புது மணல்தட்டின் மேலாகத் தூவுங்கள். கட்டிலுக்கு அடியில் பதுங்குவது குறையும், தட்டு எதற்கென்று சொல்லித்தரவும் வேண்டியிருக்காது. கடையில் விற்கும் விலை கூடிய மெத்தையை (பெரும்பாலும் பூனை அதைச் சீந்தாது) பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஏற்கெனவே வேறு பூனை இருந்தால் இது வேண்டாம். நெரிசலான காப்பகத்தில் நோய் எளிதில் பரவும். படர்தாமரைக் கிருமி துணியில் மாதக்கணக்கில் தங்கி மனிதர்களையும் தொற்றும். தோலில் வட்டவட்டமாக முடி உதிர்ந்திருந்தாலோ, தும்மலும் மூக்கொழுகலும் இருந்தாலோ துணியை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னாத பூனையைக் கால்நடை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். பட்டினி நீண்டால் அதன் கல்லீரல் கெட்டுவிடும்.