விசேட கல்வி அலகுப் பிள்ளையளோட பீ-பொட் ஓட்டத் தொடங்குறது எப்பிடி

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் விசேட கல்வி அலகில படிப்பிக்கிற ரீச்சர்மார் சிலர், பீ-பொட் (முதுகில இருக்கிற அம்புப் பட்டனை அமத்தி ஓட்டுற, தேனீ மாதிரிச் சின்ன ரோபோ) கையில இருக்கு ஆனா எதில தொடங்குறது எண்டு கேட்டவை, அதால எங்கட வகுப்பில சரிவந்த முறையை எழுதுறன். சார்ஜ் ஏத்துறதெல்லாம் நீங்களே பாத்துக்கொள்ளுவியள். அடிப்பக்கம் சத்தத்துக்குத் தனி சுவிட்ச் இருக்கு, சத்தம் கேட்டாக் காதைப் பொத்துற பிள்ளை இருந்தா அதை நிப்பாட்டிப்போட்டு வகுப்புக்குள்ள கொண்டுவாங்கோ.

1. நிலம். முன் அம்பை ஒருக்கா அமத்தி ஓடவிட்டா பீ-பொட் 15 சென்ரிமீற்றர் போகும், அதால சீமெந்து நிலத்தில 15க்கு 15 கட்டம் போடுங்கோ. பனையோலைப் பாய் வேண்டாம், பின்னலில சில்லு இழுபட்டுப் பாதை கோணும். வெண்கட்டியை விட சிவப்பு இன்சுலேசன் ரேப்தான் நல்லம், பார்வை குறைஞ்ச பிள்ளைக்கும் கோடு தெரியும், தூளும் சில்லுக்குள்ள போகாது. கட்டங்களில பிள்ளைக்குத் தெரிஞ்ச படங்களை வையுங்கோ: வீடு, கடை, மாடு, இரணைமடுக் குளம்.

2. முன் அம்பு ஒண்டு, பிறகு நடுவில இருக்கிற பச்சை "கோ" (GO) பட்டன், அதுதான் ஓட வைக்கிறது. முதல் கிழமை இது போதும். பிள்ளையின்ர கையைப் பிடிச்சு அமத்தாதேங்கோ, யோசிக்க நேரம் எடுக்கட்டும், தானா அமத்தி அது ஓடேக்க வாற சந்தோசம் வேற.

3. ஒவ்வொரு முறையும் முதல்ல எக்ஸ் (X) பட்டன், அதுதான் அழிக்கிறது. இதை அமத்தாட்டி பழைய கட்டளை அழியாது, புதுசு அதுக்குப் பின்னால சேரும், பிள்ளை ஒண்டு அமத்த அது நாலு கட்டம் ஓடும், பிறகு தான்தான் பிழை விட்டனெண்டு பிள்ளை ஒதுங்கிடும். "அழி, சொல்லு, ஓடு" எண்டு மூண்டு படக் கார்ட் செய்து பக்கத்தில ஒட்டுங்கோ.

4. திரும்புறது. எல்லாரும் தடக்குப்படுற இடம் இதுதான். வலப்பக்க அம்பை அமத்தினா வலப்பக்கக் கட்டத்துக்குப் போகுமெண்டுதான் பிள்ளை நினைக்கும், ஆனா அது நிண்ட கட்டத்திலயே 90 பாகை திரும்பும், அவ்வளவுதான், போறதுக்கு இன்னொரு முன் அம்பு வேணும். அதால ரோபோவை அலுமாரிக்குள்ள வைச்சிட்டு பெரிய கட்டம் கீறிப் பிள்ளையை அதில நிக்க விடுங்கோ, "திரும்பு" எண்டா உடம்பு மட்டும், "நட" எண்டா ஒரு கட்டம். வீல்செயாரில இருக்கிற பிள்ளைக்கும் இது நல்லாச் சரிவரும். பிறகு ரோபோவின்ர மூக்கும் பிள்ளையின்ர மூக்கும் ஒரே பக்கம் பாக்கிற மாதிரி பின்னால இருத்துங்கோ, முன்னுக்கு இருந்தா இடம் வலம் மாறிப்போகும். இந்தப் படிக்கு மாசக்கணக்கு எடுத்தாலும் பரவாயில்லை, அவசரப்படுத்தாதேங்கோ.

ரோபோட் மவுஸ் எண்டு இதே மாதிரி ஓடுற எலி ரோபோவும் பாவிக்கலாம், பட்டன் கலர்கலரா இருக்கிறது உதவி. ஆனா அது ட்ரிபிள் ஏ பற்றறியில ஓடுறது, திரும்பத் திரும்ப வாங்கோணும். விரல் இறுக்கமான பிள்ளையளுக்கு பீ-பொட்டின்ர பெரிய பட்டன்தான் என்ர தெரிவு.

பிறகு சேர்த்தது: ஒரு ரீச்சர் எழுதியிருந்தா, பிள்ளை எல்லாப் பட்டனையும் ஒண்டா அமத்துது எண்டு. கார்ட்போட் மட்டையில முன் அம்புக்கும் கோவுக்கும் மட்டும் ஓட்டை வெட்டி முதுகில ரேப்பால ஒட்டுங்கோ, எக்ஸை நீங்கள் மட்டையைத் தூக்கி அமத்தலாம். ரெண்டு பட்டனும் பழகின பிறகு மற்ற ஓட்டையளை ஒவ்வொண்டா வெட்டுங்கோ.