சுமை தூக்கும் இடத்தில் முதலில் அளக்க வேண்டியவை

சுமை தூக்கும் தொழிலாளிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால், தூக்கத் தெரியாமல் தூக்கிவிட்டார் என்று அவர்மீதே பழியைப் போடுவது பல பணியிடங்களில் வழக்கமாக இருக்கிறது. இது நியாயமற்ற பேச்சு. அவர் தூக்கிய விதத்தைக் குறை சொல்வதற்கு முன்னால், சுமை எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு மேற்பார்வையாளரிடம் ஓர் அளவு நாடா இருந்தால் போதும்.

தொழிலாளி சுமையைப் பற்றும் நிலையில் இரண்டு அளவுகளை எடுங்கள். கணுக்கால்களுக்கு நடுவிலிருந்து கைகள் எவ்வளவு முன்னே நீண்டிருக்கின்றன என்பது ஒன்று. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பது மற்றொன்று. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்தியமைத்த கணக்கின்படி, கைகள் 25 செ.மீ. தள்ளியும் 75 செ.மீ. உயரத்திலும் இருந்து, பிடி நன்றாக அமைந்து, உடல் திரும்பாமல், எப்போதாவது கொஞ்ச உயரம் மட்டும் தூக்கும்போதுதான் 23 கிலோ என்பது வரம்பு. கைகள் 50 செ.மீ. தள்ளிப் போனால் அது 11.5 கிலோவாகப் பாதியாகிறது. தரையிலிருந்தும் தூக்க வேண்டுமானால் 9 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நீட்டிய கையிலுள்ள சுமைக்கு ஈடுகொடுக்க முதுகுத் தசைகள் சுமையின் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு இழுக்க வேண்டியிருப்பதும், அந்த அழுத்தம் கீழ்முதுகின் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்குகளில் இறங்குவதுமே இதற்குக் காரணம்.

ஆகவே, மூட்டைகளைத் தரையில் அடுக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். உறுதியான மேடையோ மரச்சட்டங்களோ போட்டு, எடுக்கும் மூட்டை இடுப்பை ஒட்டிய உயரத்தில் இருக்குமாறு செய்யுங்கள். மேசையின் மறுபக்கத்தில் உள்ள பெட்டியை எட்டித் தூக்க விடாமல், உடலருகே இழுத்துக்கொண்ட பிறகே தூக்கச் சொல்லுங்கள். நெடுந்தூரம் கொண்டுபோகத் தள்ளுவண்டி கொடுங்கள்.

எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேலை எளிதாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்: பாதம் நட்டது நட்டபடி இருக்கும், சுமையோடு இடுப்பு மட்டும் திரும்பித் திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவே ஓரிரு எட்டு இடைவெளி விட்டால், யாரும் சொல்லாமலே கால்கள் நகர்ந்துவிடும். எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவில்லாத திருத்தம் வேறில்லை.

இடுப்புப் பட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு மற்றவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். அது காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

வலியைச் சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த அச்சத்தை நீக்குவது முதலாளியின் கடமை. வலி கால் வழியாக இறங்கினாலோ பாதம் மரத்துப்போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். இடுப்பு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், அல்லது தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி குன்றினால், அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.