காரில் பிள்ளைகளை உட்கார வைப்பது எப்படி: கைக்குழந்தை முதல் பதின்வயது வரை

"நான்தான் இறுக்கிப் பிடித்திருக்கிறேனே" என்று குழந்தையை மடியில் வைத்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். எந்தக் கையாலும் அது முடியாது. அதற்குத்தான் சைல்டு சீட், அதாவது காரின் சீட்டில் பொருத்தும் குழந்தை இருக்கை.

படி 1: எந்தப் பக்கம் பார்த்து?

கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலமில்லை. முன்பக்கம் பார்த்து உட்கார வைத்தால், மோதும்போது உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும். தலை மட்டும் முன்னால் பாயும். பின்பக்கம் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே தாங்கிக்கொள்ளும். சைல்டு சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை இப்படியே வைக்கச் சொல்கிறது. சீட்டில் போட்டிருக்கும் உயர, எடை வரம்பு வரும்வரை திருப்பாமல் இருப்பது இன்னும் நல்லது. கால் மடங்கியிருப்பது ஆபத்தில்லை. முன் சீட்டின் ஏர்பேக் (மோதும்போது விரியும் காற்றுப்பை) இயங்கும் நிலையில் இருந்தால், அந்தச் சீட்டில் மட்டும் பின்பக்கம் பார்த்த சைல்டு சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள்.

படி 2: சீட்டைப் பொருத்துங்கள்

ஐசோஃபிக்ஸ் கொக்கியா (காரின் சீட்டில் உள்ள உலோக வளையங்களில் மாட்டுவது), கார் பெல்ட்டா என்பதைக் கையேடு சொல்லும். மாட்டியபின், பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் மறுபடி இறுக்குங்கள்.

படி 3: பட்டையை இறுக்குங்கள்

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். பின்பக்கம் பார்த்த சீட்டில் பட்டை தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். முன்பக்கம் பார்த்ததில் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. பட்டையைத் தோளருகே இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் தளர்வு என்று அர்த்தம். தடித்த ஸ்வெட்டர், ஜாக்கெட் போட்டிருந்தால் கழற்றுங்கள். மோதும்போது அந்தப் பஞ்சு அமுங்கி, பட்டை தொளதொளவென்று ஆகிவிடும். பட்டையைப் பூட்டியபின் மேலே போர்த்திவிடலாம்.

படி 4: பூஸ்டரை எடுக்க அவசரப்படாதீர்கள்

பூஸ்டர் என்பது, கார் பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை. "எட்டு வயசு ஆயிடுச்சே" என்று அதை எடுத்துவிடுகிறோம். பார்க்க வேண்டியது வயதை அல்ல, பெல்ட் எங்கே படிகிறது என்பதை. பூஸ்டர் இல்லாமல் உட்காரும்போது முதுகு சீட்டில் ஒட்டி, முழங்கால் சீட் விளிம்பில் மடங்க வேண்டும். கீழ்ப் பெல்ட் வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். வயிற்றில் கிடந்தால் மோதலில் குடல் காயப்படும். மேல் பெல்ட் கழுத்தை உரசாமல் தோளின் நடுவே போக வேண்டும். கழுத்தை உரசுகிறதென்று பிள்ளை அதை அக்குளுக்குக் கீழே தள்ளினால் பூஸ்டர் இன்னும் தேவை. ஏறக்குறைய 145 செ.மீ. உயரம் வந்தபிறகுதான் இதெல்லாம் சரியாக அமையும்.

படி 5: பதின்வயதினர்

12 வயது முடியும்வரை பின் சீட்தான். அதன்பிறகும் பின் சீட்டில் பெல்ட் போடாதவர், மோதும்போது முன்னால் இருப்பவர் மேல் போய் விழுவார். இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள். டேஷ்போர்டில் கால் நீட்டுவதும் சீட்டைச் சாய்த்துத் தூங்குவதும் வேண்டாம். புதிதாக ஓட்டக் கற்ற பிள்ளை முதல் சில மாதம் நண்பர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டாம்.

படி 6: இறங்கும்போது

சிறு குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். "ரெண்டே நிமிஷம்" என்றுகூட மூடிய காரில் விட்டுப் போகாதீர்கள். கைப்பையைப் பின் சீட்டில், குழந்தைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அதை எடுக்கவாவது பின்கதவைத் திறப்பீர்கள்.