ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு சைடுகார்: மாட்டுவதற்கு முன் ஃப்ரேமைப் பாருங்கள்

சைடுகார் ஆசை வந்தவர்கள் முதலில் சைடுகாரைத் தேடிப் போகிறார்கள். நானும் அப்படித்தான். நல்ல ஒற்றை இருக்கை சைடுகார் ஒன்றை வாங்கிவந்து பைக்குக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எங்கே மாட்டுவது என்று சுற்றிச் சுற்றி வந்தேன். மாட்ட இடமே இல்லை.

பழைய பைக்குகளில் எஞ்சினைச் சுற்றி ஸ்டீல் குழாய் ஃப்ரேம் தொட்டில் மாதிரி இறங்கி வரும், அந்தக் குழாயைக் கிளாம்ப் போட்டுப் பிடித்துவிடலாம். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஸ்டீயரிங் தலையிலிருந்து ஸ்விங் ஆர்ம் பிவட் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை அசையும் மூட்டு) வரை இரண்டு தடித்த அலுமினியத் தண்டுகள், அவ்வளவுதான். எஞ்சின் அதில் தொங்குகிறது, தொங்கிக்கொண்டே ஃப்ரேமின் ஒரு பகுதியாகவும் வேலை செய்கிறது. கீழே பிடிக்கக் குழாய் கிடையாது. அலுமினியத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் நசுங்கும், நாளாவட்டத்தில் விரிசல் விடும். வெல்டிங் வைக்கலாமே என்று யாராவது பட்டறையில் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சூடேற்றிப் பதப்படுத்திய அலுமினியம் வெல்டிங் சூட்டில் அந்தப் பதத்தை இழந்துவிடும்.

ஆகவே, உங்கள் வேலையில் பாதி சைடுகார் அல்ல, சப்-ஃப்ரேம். பைக்கின் அடியிலும் பக்கத்திலும் ஸ்டீல் குழாயில் ஒரு கூடு செய்து, எஞ்சினை ஃப்ரேமோடு பிடிக்கும் போல்ட்டுகள் இருக்கும் இடங்களிலேயே நீளமான போல்ட் போட்டு அதை மாட்ட வேண்டும். பல பைக்குகளில் ஸ்விங் ஆர்ம் பிவட் தண்டு உள்ளே குழலாக இருக்கும், அதன் வழியாக ஒரு உறுதியான தண்டைச் செலுத்தினால் பின்பக்கத்துக்கு அருமையான பிடிமானம் கிடைக்கும். சைடுகார் இந்தக் கூட்டைத்தான் பிடித்துக்கொள்ளும், பைக்கின் ஃப்ரேமை நேரடியாக அல்ல. சுசுகி பேண்டிட் 1200 மாதிரி ஸ்டீல் குழாய் ஃப்ரேம் உள்ள வண்டி உங்களிடம் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி, இதில் பாதித் தலைவலி உங்களுக்கு இல்லை.

பிடிமானம் நான்கு இடத்தில் வேண்டும். கீழே முன்னால் ஒன்று, கீழே பின்னால் ஒன்று. சுமை முழுக்க இந்த இரண்டில்தான். மேலே முன்னும் பின்னும் இரண்டு ஸ்ட்ரட்கள், அதாவது தாங்கு கம்பிகள், பைக் சாயாமல் பிடிக்கும், இவற்றின் நீளத்தைத் திருகி மாற்ற முடிய வேண்டும். மூன்று இடம் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. மேல் ஸ்ட்ரட்கள் ஒன்றுக்கொன்று விலகி, கோணமாக, முக்கோணம் அமைகிற மாதிரி நிற்க வேண்டும். பின்பக்க மேல் ஸ்ட்ரட்டை சீட்டைத் தாங்கும் அந்த மெல்லிய பின் சட்டத்தில் மாட்டிவிடாதீர்கள், அது ஒரு ஆளின் எடைக்குச் செய்தது, பக்கவாட்டு இழுப்புக்கு அல்ல. ஸ்விங் ஆர்மில் எதையுமே மாட்டக் கூடாது, அது மேலும் கீழும் ஆடுகிற பொருள்.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தலையில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் வலுவைச் சொல்லும்: 8.8 குறைந்தபட்சம், 10.9 இருந்தால் நிம்மதி. பளபளவென்று இருக்கிறதே என்று சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் போடாதீர்கள். முழு நீளமும் மரை வெட்டிய கம்பியை வெட்டி போல்ட்டாகப் போடவே கூடாது, மரை இருக்கும் இடத்தில்தான் அறுந்துபோகும்.

ஸ்டீல் வெட்டும் முன் பிளாஸ்டிக் குழாயில் ஒரு ஒத்திகை பாருங்கள். தண்ணீர்க் குழாயை வெட்டி ஸ்ட்ரட் மாதிரி வைத்துக் கட்டிப் பார்த்தால் எது எங்கே இடிக்கும் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளில் சைடுகார் இடப்பக்கம் வரும், கியர் லீவர், பெரும்பாலான வண்டிகளில் செயின், சைடு ஸ்டாண்ட் எல்லாம் அந்தப் பக்கம்தான். கால் கியருக்குப் போகுமா, செயினை இறுக்கக் கை நுழையுமா, ஆயில் மாற்ற முடியுமா என்று இப்போதே பாருங்கள். கீழ் ஃபேரிங்கை, அதாவது எஞ்சினை மூடும் பிளாஸ்டிக் உறையை, வெட்டியே ஆக வேண்டும், மனசு வலிக்கும், பரவாயில்லை. (வலப்பக்கம் ஓட்டும் நாடு என்றால் சைடுகாரையும் வளைவுகளையும் பற்றி நான் இடது என்பதை வலது என்றும், வலது என்பதை இடது என்றும் படித்துக்கொள்ளுங்கள். கியர் லீவரும் சைடு ஸ்டாண்டும் அங்கேயும் இடப்பக்கம்தான்.)

சைடு ஸ்டாண்டைக் கழற்றியதும் எனக்கு நடந்தது இது. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, கியர் போட்டதும் அணைந்துவிடுகிறது. பேட்டரியைப் பார்த்தேன், ஃப்யூஸைப் பார்த்தேன், அரை நாள் போய்விட்டது. ஸ்டாண்ட் கீழே இருந்தால் எஞ்சினை நிறுத்தும் சின்ன சுவிட்சை ஸ்டாண்டோடு சேர்த்துக் கழற்றி வைத்திருந்தேன். அது இல்லாததால் ஸ்டாண்ட் இறங்கியிருக்கிறது என்றே வண்டி நம்பிக்கொண்டிருந்தது. அந்தச் சுவிட்சின் ஒயரை முறைப்படி இணைத்துவிட்டால் சரியாகிவிடும். சாய்வுக் கோணத்தைப் பார்த்து பிரேக்கையும் டிராக்‌ஷனையும் கட்டுப்படுத்துகிற புது வண்டிகளில் இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு, சாயாமலே வளைவில் திரும்பும் வண்டியை அந்த மின்னணு மூளைக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். முதல் முயற்சிக்கு எளிமையான, பழைய வண்டியே நல்லது.

அடுத்தது ஸ்டீயரிங். சைடுகார் மாட்டிய வண்டி சாயாது, எதிர்த்திசையில் ஹேண்டிலைத் தள்ளிச் சாய்த்துத் திருப்பும் பழக்கம் இனி உதவாது, கார் மாதிரி திருப்பித்தான் ஓட்ட வேண்டும். அதற்குக் கையில் பலம் வேண்டும், ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஃபோர்க்கின் இரு பக்கமும் தனித்தனியாக மாட்டிய கிளிப்-ஆன் ஹேண்டிலோ குட்டை. உயரமான, அகலமான ஒற்றை ஹேண்டில்பார் போடுங்கள். பிரேக் குழாயும் கேபிளும் நீளம் போதுமா, முழுக்கத் திருப்பினால் ஃபேரிங்கில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் கனப்பதற்கு இன்னொரு காரணம் ட்ரெயில், அதாவது ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம். ஸ்போர்ட்ஸ் பைக்கில் இது 100 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், சைடுகாருக்கு ஏறக்குறைய அதில் பாதி போதும். சக்கரத்தைக் கைகளால் முன்னால் தள்ளிப் பிடிக்கும் லீடிங் லிங்க் வகை முன் ஃபோர்க் போடுவது ஒரு வழி, ஆஃப்செட் (ஸ்டீயரிங் அச்சிலிருந்து ஃபோர்க் முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) கூடுதலான ஃபோர்க் கிளாம்ப் செய்து போடுவது இன்னொரு வழி. பிஎம்டபிள்யூ 1955 முதல் 1969 வரை செய்த லீடிங் லிங்க் வகையான எர்ல்ஸ் ஃபோர்க் வண்டிகளில் சைடுகாருக்கென்றே இரண்டாவது பிவட் துளை வைத்திருந்தார்கள், அவ்வளவு முக்கியமான விஷயம் இது. ட்ரெயிலைக் குறைத்தால் மெதுவான வேகத்தில் ஹேண்டில் படபடவென்று ஆடும், அதற்கு அந்த ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் மாட்டியே தீர வேண்டும்.

சரி, இப்போது அளவுகள். சைடுகாரின் எடை பைக்கின் எடையில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் நல்லது, 200 கிலோ பைக்குக்கு 65, 70 கிலோ. சைடுகார் சக்கரத்தின் அச்சு பைக்கின் பின் அச்சுக்கு 150 முதல் 250 மில்லிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். இது குறைந்தால் வலது வளைவில் சைடுகாரின் மூக்கு குத்தும், கூடினால் டயர் தேயும், ஹேண்டில் இழுக்கும். பைக் சைடுகாரிலிருந்து விலகி ஒன்று, இரண்டு டிகிரி வெளியே சாய்ந்து நிற்க வேண்டும். சைடுகார் சக்கரம் முன்பக்கம் பைக்கை நோக்கி லேசாகத் திரும்பியிருக்க வேண்டும், அதைத்தான் டோ-இன் என்கிறார்கள். வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம்) நீளத்துக்கு 15 முதல் 20 மில்லிமீட்டரில் தொடங்கலாம்.

டோ-இன் அளப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் நான் ஒரு டயரைப் பறிகொடுத்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து சமமான தரையைத் தேர்ந்தெடுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், சீட்டில் ஒருவர் உட்காரட்டும், சைடுகாரில் மணல் மூட்டை வையுங்கள். இரண்டரை மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டம் இரண்டு வேண்டும். ஒன்றை பைக்கின் இடப்பக்கம் சக்கரங்களை ஒட்டி வையுங்கள். இங்கேதான் வில்லங்கம்: பின் டயர் 180 அகலம், முன் டயர் 120. சட்டம் பின் டயரை முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் தொட வேண்டும், முன் டயருக்கும் சட்டத்துக்கும் இடையே சரியாக 30 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். நான் இரண்டு டயரையும் தொடுகிற மாதிரி வைத்துவிட்டேன். சட்டமே கோணலாக நின்றது. 20 என்று நான் அளந்தது உண்மையில் 50. சில நூறு கிலோமீட்டரில் சைடுகார் டயரின் ஓரம் ரம்பப் பல் மாதிரி ஆகிவிட்டது, தடவிப் பார்த்தால் கையைக் கீறும். இன்னொரு சட்டத்தை சைடுகார் சக்கரத்தில் ஒட்டி வைத்து, முன் அச்சுக்கு நேராக ஒரு முறை, பின் அச்சுக்கு நேராக ஒரு முறை இரு சட்டங்களுக்கும் இடையே அளந்தால் வரும் வித்தியாசம்தான் டோ-இன்.

ஓட்டிப் பார்க்கும்போது நேரான சாலையில், ஒரே வேகத்தில், வண்டி சைடுகார் பக்கம் இழுத்தால் மேல் ஸ்ட்ரட்டைத் திருகிப் பைக்கை இன்னும் கொஞ்சம் வெளியே சாயுங்கள், எதிர்ப்பக்கம் இழுத்தால் குறையுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு அளவைத்தான் மாற்ற வேண்டும், டோ-இன்னையும் சாய்வையும் சேர்த்து மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் இடப்பக்கம் இழுப்பதும் பைக்கின் பிரேக்கை மட்டும் பிடித்தால் வலப்பக்கம் திரும்புவதும் கோளாறு அல்ல, சைடுகாரின் இயல்பு. இரண்டாவதைக் குறைக்க சைடுகார் சக்கரத்திலும் பிரேக் வையுங்கள், பின் பிரேக் பெடலோடு இணைத்தால் வசதி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின் ஷாக்குக்கும் முன் ஃபோர்க்குக்கும் கடினமான ஸ்பிரிங் வேண்டும். ஸ்போர்ட்ஸ் பைக்கின் முதல் கியர் நீளம், அதாவது வேகத்துக்கு ஏற்றது, இழுவைக்கு அல்ல, இந்த எடையோடு கிளம்பும்போது கிளட்ச் கருகும். முன் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) ஒரு பல் குறைப்பது பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டுவதற்குச் சமம், ஒன்றிரண்டு படி இறக்கிப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் வண்டியாக இருந்தால் அதற்கப்புறம் அது வேகத்தைக் கூட்டிச் சொல்லும், நம்பிப் பெருமைப்படாதீர்கள். பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகும், அதனால் மென்மையான பந்தய ரக டயர் வீண். சைடுகாரின் விளக்குகளுக்குத் தனி ஃப்யூஸ், தனி எர்த் ஒயர். இரண்டு சக்கர வண்டியை மூன்று சக்கரமாக்குவதைப் பதிவு அலுவலகமும் காப்பீட்டுக்காரர்களும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று முதல் வெட்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில், சைடுகாரில் முப்பது கிலோவாவது மணலோடு. இடப்பக்கம் வட்டமடித்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும்புகிற வேகத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். எழும்பினால் ஹேண்டிலை லேசாக நேராக்குங்கள், இறங்கிவிடும். பயத்தில் சடாரென்று பிரேக்கை மிதிக்கிறவர்கள்தான் கவிழ்கிறார்கள். இடது வளைவில் மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுத்தபடியும், வலது வளைவில் அதை விட்டபடியும் போனால் வண்டியே உங்களுக்கு உதவும். வலது வளைவில் கனமாக பிரேக் பிடித்தால் பின் சக்கரம் தூக்கும், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

எல்லா நட்டிலும் போல்ட்டிலும் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு போட்டு வையுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள், கோடு உடைந்திருக்கும் இடமெல்லாம் இளகிய இடம். இறுக்கிவிட்டு, 100-இல் மறுபடி பாருங்கள். எனக்கு முதல் தடவை நான்கு கோடு உடைந்திருந்தது, அதில் மூன்று கீழ்ப் பின் பிடிமானத்தில்.