மறையாக்கப் பெட்டகமும் கோப்பு அடுக்கும் மென்பொருளும்: என் அனுபவம்

கோப்புகளை மறையாக்கி, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் கிரிப்டோமேட்டர் என்ற மென்பொருளின் பெட்டகத்தில் இருந்த ஆவணங்கள் திடீரென்று காணாமல் போயின. கடவுச்சொல் சரிதான், பெட்டகமும் திறந்தது, உள்ளேதான் ஒன்றுமில்லை. கோப்புகளைத் தானாக வகைபிரிக்கும் மென்பொருள், மறையாக்கிய கோப்புகள் இருக்கும் பெட்டகத்தின் 'டி' ஃபோல்டருக்குள் புகுந்து, '.சி9ஆர்' என்று முடியும் கோப்புகளை 'இதர வகை' என்று வாரிக்கொண்டு போயிருந்தது. அதன் கண்ணுக்கு அவை அடையாளம் தெரியாத குப்பை! ஒவ்வொரு கோப்பின் பெயரும் அது இருக்கும் ஃபோல்டரின் அடையாளத்தோடு பிணைத்தே மறையாக்கம் செய்யப்படுகிறது. இடம் மாறினால் பெயரை மீட்க முடியாது. நல்லவேளையாக, நகர்த்தியவற்றைத் திருப்பி வைக்கும் வசதி இருந்ததால் தப்பித்தேன்.

வகைபிரிக்கும் மென்பொருள் தொடக்கூடாத இடங்களின் விலக்குப் பட்டியலில் பெட்டகத்தைச் சேர்ப்பது எளிது. திறந்த பெட்டகத்துக்குள் புதிய கோப்புகளை அனுப்புவதில்தான் சிக்கல். லினக்ஸில் நான் இணைப்பிடமாக (திறந்த பெட்டகத்தின் கோப்புகள் தெரியும் இடமாக) தேர்ந்தெடுத்த ஃபோல்டர், பெட்டகம் பூட்டியிருக்கும்போதும் சாதாரண ஃபோல்டராக அங்கேயே இருக்கும். மென்பொருள் சளைக்காமல் அதில் கோப்புகளைக் கொட்டும், மறையாக்கமே இல்லாமல். அதனால் பெட்டகத்துக்குள் 'திறப்பு.டிஎக்ஸ்டி' என்றொரு வெற்றுக் கோப்பை வைத்தேன். அது தென்பட்டால் மட்டுமே நகர்த்தும்படி விதியை மாற்றினேன். அதன்பின் தொல்லையில்லை.

இன்னொன்று: வெளியிலிருந்து பெட்டகத்துக்குள் 'நகர்த்துவது' உண்மையில் நகலெடுத்துவிட்டு மூலத்தை அழிப்பதுதான். அழித்த மூலத்தை வட்டிலிருந்து மீட்க வாய்ப்புண்டு. ரகசிய ஆவணங்களை இப்போது நேரடியாகப் பெட்டகத்திலேயே சேமிக்கிறேன்.