‘டி’ டிரைவை நம்பி லினக்ஸ் நிறுவாதீர்கள்

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 இல் நிறுத்தியதிலிருந்து, விண்டோஸ் 11 ஏற்காத மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் தொடர்மாடிக்கு வருவோர் கூடிவிட்டார்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவப்போய் இடைநடுவில் சிக்கியவர்களே அதிகம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் விட்ட பிழைகளையே அவர்களும் வரிசை பிசகாமல் விடுகிறார்கள். கடவுச்சொல்லை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

‘இரேஸ் டிஸ்க்’ என்றால் முழு டிஸ்க்

நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் ஒரே ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும்; கடைக்காரர் அதைச் சி, டி என இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருப்பார். வைரஸ் பிடித்து விண்டோஸை மறுபடி போடும்போதெல்லாம் சி அழியும், டி தப்பும். அந்தப் பழக்கத்தில் டி என்பது தனிப் பெட்டகம் என்றே பலர் நம்பிவிட்டார்கள். லினக்ஸை நிறுவித்தரும் மென்பொருளான நிறுவிக்கோ அந்தப் பெயர்களே தெரியாது. முழு டிஸ்க்கை எஸ்டிஏ என்றும், பிரிவுகளை எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்றும் அது காட்டும்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் வைக்க முடியாது. தயாரிப்பாளரின் மீட்புப் பிரிவும் சேர்ந்து அந்த நான்கும் நிரம்பியிருந்தால், விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவும் தெரிவு திரையில் வராமலே போகலாம். வேறு வழியில்லை என்று எண்ணிப் புதியவர், சி, டி எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கும் ‘இரேஸ் டிஸ்க்’ தெரிவைச் சொடுக்குகிறார்.

நான் இப்படி அழித்தது, அப்பா பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சுச் செய்த எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை. டி-யில் மூன்று பிரதிகள் இருந்தன. மூன்றும் ஒரே டிஸ்க்கில். அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளோடு இரண்டு இரவுகள் மாரடித்தேன். அது மீட்கும் கோப்புகளுக்குப் பழைய பெயர் இராது. எஃப் என்ற எழுத்தும் நீண்ட இலக்கமுமாக ஆயிரக்கணக்கில் வந்து குவியும். நான்கு அத்தியாயங்கள் கிடைத்தன. அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, ஐந்தாம் அத்தியாயத்தைப் பேனாவால் தொடங்கினார்.

சென்ற மாதம் ஒரு மாணவன் அதே முகத்தோடு வந்து நின்றான். “டி-யிலதானே அண்ணா வைச்சனான்!” அவனுடையது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க். புதிய பிரிவை வடிவமைக்கும்போதே பழைய தரவு இனித் தேவையில்லை என்று டிஸ்க்குக்குச் சொல்லும் டிரிம் கட்டளை போய்விடுவதால், அதில் மீட்கக் கிடைப்பது மிக அரிது. எச்சரிக்கை அந்தத் தெரிவின் கீழேயே எழுதப்பட்டிருந்தும் ஒருவரும் வாசிப்பதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்து, அந்த டிஸ்க்கைக் கழற்றிய பின்னரே தொடங்குங்கள். மின்ட் நிறுவி எழுதத் தொடங்குமுன், எந்தப் பிரிவுகளை மாற்றப்போகிறது என்று ஒரு சிறு பெட்டியில் பட்டியலிடும். அதில் புரியாத வரி ஒன்று இருந்தாலும் பின்வாங்குங்கள்; அதுவரை அழிக்கும் தெரிவினால் எதுவும் அழிந்திராது.

ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் வெறுமனே கொப்பி செய்தல்

ஐஎஸ்ஓ என்பது தரவிறக்கிய லினக்ஸ் நிறுவிக் கோப்பு. அதை அப்படியே கொப்பி செய்தால் பென்டிரைவிலிருந்து கணினி எழும்பாது. ரூஃபஸ் போன்ற கருவியால் எழுதுங்கள். பென்டிரைவில் முன்பிருந்தவை போய்விடும்.

பற்றரி செத்த மடிக்கணினி

மின் போனாலும் சற்று நேரம் தாங்கும் யூபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம்; நிறுவும் நடுவே மின் போனால் கணினி அணைந்துவிடும். 2022 இன் மின்வெட்டுகள் நினைவிருக்கும்.

32 பிட் செயலி (புரொசசர்) உள்ள பழைய கணினி

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 13 ஆம் பதிப்பிலும் அதற்கான நிறுவி இல்லை. தரவிறக்குமுன் பாருங்கள்.

பாமினியை எடுத்துவைக்க மறத்தல்

பாமினியில் தட்டச்சிட்ட பழைய வேர்ட் கோப்பை லினக்ஸில் திறந்தால், ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாக நிற்கும். கோப்பு பழுதாகவில்லை, எழுத்துருதான் இல்லை. விண்டோஸ் இருக்கும்போதே பாமினி எழுத்துருக் கோப்பையும் பிரதி எடுத்துவையுங்கள். அந்தக் குறிகளை வைரஸ் என்று நினைத்துக் கோப்புறையையே அழித்த ஒருவரும் என்னிடம் வந்திருக்கிறார்.